உப்புக் காற்றில் ஓடும் டிரைவர்: லினக்ஸுக்கு முதல் டிவைஸ் டிரைவர் எழுதுவது எப்படி

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை, ராமநாதபுரம் கரையில் சென்சார் நுழையாத தொழில் இப்போது குறைவு. விசைப்படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர். இறால் பண்ணையில் ஆக்சிஜன் மீட்டர். ஐஸ் கம்பெனியில் குளிர் பார்க்கும் கருவி. இவற்றில் ஏதாவது ஒன்றை லினக்ஸ் ஓடும் சின்ன போர்டில் மாட்டிக் கொடு என்று ஊரில் ஒருவர் கேட்டால், "அதற்கு டிரைவர் வேண்டுமே" என்ற பேச்சு வந்துவிடும். டிரைவர் என்பது கருவியோடு லினக்ஸ் பேச உதவும் நிரல்.

சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸில் கட்டளை அடிக்கத் தெரியும், ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் கை வைத்ததில்லை என்பவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 சென்சாரை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு, மதுரைக் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். புயல் கூண்டு ஏறுகிறதா என்று பாம்பனைப் பார்க்கும் ஊர்களில், காற்றழுத்தம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கவும் வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடங்களில் வரும் சென்சார் கேட்டதும் பதில் சொல்லும். இந்தக் கரையில் சொல்லாது. உப்புக் காற்றில் செம்புக் கம்பி களிம்பேறும், கனெக்டர் தளரும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் ஒரு நொடி படுத்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ஓடும் பகுதியை எழுதுவது சின்ன வேலை. ஒழுங்கில்லாதபோது என்ன செய்வது என்று எழுதுவதுதான் இங்கே டிரைவர் எழுதுவது.

டிரைவர் தேவையா?

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். ஆகவே உங்கள் கருவிக்கு ஏற்கெனவே ஒன்று இருக்க நல்ல வாய்ப்புண்டு. யூஎஸ்பி ஜிபிஎஸ் என்றால் செருகிவிட்டு எல்எஸ்யூஎஸ்பி கட்டளையையும், கெர்னல் சொல்லும் வரிகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவையும் பாருங்கள். உள்ளே இருப்பது சிஎச்340, பிஎல்2303, சிபி2102 போன்ற சீரியல் சிப்பாகவே பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்குக் கெர்னலில் டிரைவர் உண்டு. ஜிபிஎஸ் அனுப்பும் வரிகளைப் படிக்க ஒரு சாதாரண நிரல் போதும்.

இறால் பண்ணை ஆக்சிஜன் மீட்டர்களில் பல ஆர்எஸ்485 என்ற நீளக் கம்பி இணைப்பில், மோட்பஸ் என்ற தொழிற்கருவி மொழி பேசுபவை. அதற்கும் டிரைவர் வேண்டாம், பைத்தானில் பேசிவிடலாம். ஐ2சி (சிப்புகள் இரண்டே கம்பியில் பேசும் முறை) சென்சாரைக்கூட, ஒரே ஒரு நிரல் எப்போதாவது படித்தால் போதும் என்றால், கெர்னலின் பொது ஐ2சி வாசல் வழியாகவே படிக்கலாம். பல நிரல்கள் ஒரே சென்சாரைப் பகிர வேண்டும், இன்டரப்டை (கருவி தானாகக் கெர்னலைக் கூப்பிடும் குறிப்பை) கவனிக்க வேண்டும், மற்ற சென்சார்கள் போலவே ஒரே முறையில் எண் வெளிவர வேண்டும் என்றால் டிரைவர் எழுதுங்கள். கற்றுக்கொள்வதற்காக என்றால் காரணமே கேட்க வேண்டாம்.

பிஎம்பி280-க்கும் கெர்னலில் டிரைவர் இருக்கிறது. தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நாமே ஒன்றை வேறு பெயரில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் கெர்னலில் உள்ளதைத் திறந்தால் நாம் எதையெல்லாம் விட்டிருக்கிறோம் என்று தெரியும். இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

மேசையில் என்ன வேண்டும்

தினமும் வேலை செய்யும் லேப்டாப்பில் சோதிக்காதீர்கள். கெர்னலுக்குள் ஒரு தவறான சுட்டி (பாயின்டர்) போதும், மொத்த இயந்திரமும் நின்றுவிடும். முதல் மாட்யூலை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய நிரல் துண்டை) கியூஎமு போன்ற மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டலாம். சென்சாருக்கு ராஸ்பெர்ரி பை போன்ற தனி போர்டு வேண்டும். கூடவே ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கி, போர்டின் சீரியல் கன்சோலை லேப்டாப்பில் திறந்து வையுங்கள். கெர்னல் விழும்போது நெட்வொர்க்கும் சேர்ந்து விழும். கடைசியாக அது சொன்ன வரிகள் பெரும்பாலும் சீரியல் கம்பியில்தான் கிடைக்கும்.

ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட் தாங்குபவை. சென்சாருக்கும் 3.3 வோல்ட்தான், பின் எண் 1-இல் இருந்து எடுங்கள். தரவுக் கம்பி 3-ஆம் பின், கடிகாரக் கம்பி 5-ஆம் பின், தரை 6-ஆம் பின். 5 வோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது, மாறிவிட்டால் சென்சார் போகும், சில நேரம் போர்டும் போகும். போர்டின் அமைப்பு நிரலில் ஐ2சி-யை இயக்கிவிட மறக்காதீர்கள்.

முதல் மாட்யூல்

சென்சாரைத் தொடும் முன், எதுவும் செய்யாத ஒரு மாட்யூல். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பை யூநேம் கட்டளையால் பார்த்து, அதே பதிப்பின் ஹெடர் பொதியை நிறுவுங்கள். நிரலில் இரண்டே செயற்கூறுகள்: ஏற்றும்போது ஒரு வரி அச்சிடுவது, இறக்கும்போது ஒரு வரி அச்சிடுவது. கூடவே உரிமம் ஜிபிஎல் என்று ஒரு வரி. அதை விட்டால் இன்றைய கெர்னல்களில் மாட்யூல் கட்டப்படாது; ஜிபிஎல் அல்லாத உரிமம் எழுதினால் ஜிபிஎல் நிரல்களுக்கு மட்டும் என்று கெர்னல் ஒதுக்கியிருக்கும் பல செயற்கூறுகள் உங்களுக்குக் கிடைக்காது. மேக்ஃபைலில் முக்கியமானது உங்கள் கோப்பை மாட்யூலாகக் கட்டு என்று சொல்லும் ஒற்றை வரி. மீதியைக் கெர்னலின் கட்டுமான அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

இன்ஸ்மாட் கட்டளையால் ஏற்றுங்கள், டிமெஸ்ஜியில் உங்கள் வரியைப் பாருங்கள், ஆர்எம்மாட் கொண்டு இறக்குங்கள். ஏற்ற மறுத்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மாட்யூல் வடிவம் சரியில்லை என்றால் ஹெடரும் ஓடும் கெர்னலும் வேறு வேறு பதிப்பு. சாவி பற்றி முறையிட்டால் அது செக்யூர் பூட் இயங்கும் கணினி, கையொப்பமில்லாத மாட்யூலை விடாது. வெளி மாட்யூலால் கெர்னல் கறைபட்டது என்று ஒரு வரி வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், வெளியார் நிரல் உள்ளே வந்தது என்று குறித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

கெர்னலுக்குள் சில பழக்கங்களை விட வேண்டும். வழக்கமான சி நூலகம் இல்லை. தசமப் புள்ளி எண்களைப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது, எல்லாமே முழு எண் கணக்கு. 64 பிட் இயந்திரங்களில் ஸ்டாக் பெரும்பாலும் 16 கிலோபைட்தான், ஆகவே செயற்கூறுக்குள் பெரிய வரிசையை அறிவிக்காதீர்கள். பயனர் நிரல் தரும் முகவரியை நேரடியாகத் தொடாதீர்கள், அதற்கென்றே நகலெடுக்கும் செயற்கூறுகள் உண்டு. ரஸ்ட் மொழிக்கான ஆதரவு 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கிறது. ஆனால் நீங்கள் படித்துக் கற்கப்போகும் டிரைவர்கள் பெரும்பாலும் சி-யில் உள்ளவை, அதனால் முதல் டிரைவருக்கு சி போதும்.

சென்சாரைக் கையால் கேட்டுப் பாருங்கள்

டிரைவர் எழுதும் முன் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ2சிடிடெக்ட் கட்டளை கம்பியில் உள்ள முகவரிகளைப் பட்டியலிடும். பதினாறடி எண்ணில் 76 அல்லது 77 தெரிய வேண்டும். சென்சாரின் எஸ்டிஓ பின் தரையில் இருந்தால் 76, மின்னில் இருந்தால் 77. எண்ணுக்குப் பதில் இரண்டு யூ எழுத்துகள் தெரிந்தால் வேறொரு டிரைவர் அதை ஏற்கெனவே பிடித்திருக்கிறது, முதலில் அதை இறக்குங்கள்.

அப்புறம் ஐ2சிகெட் கொண்டு டி0 என்ற பதிவேட்டை (சிப்புக்குள் எண் வைக்கும் சிற்றறையை) படியுங்கள். 58 வந்தால் பிஎம்பி280. 60 வந்தால் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280. இரண்டும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், கடையில் ஒன்றுக்கு மற்றொன்றைத் தருவதும் நடக்கும். உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் சிப் சொல்வதை நம்புங்கள்.

இனி சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டை உட்கார்ந்து படிக்க வேண்டும். நிரல் எழுதும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் போனால் கவலைப்படாதீர்கள், அதுதான் சரியான விகிதம். பிஎம்பி280 நேரடியாக அழுத்தத்தைச் சொல்லாது. 20 பிட் கச்சா எண் இரண்டு தரும்: ஒன்று அழுத்தம், ஒன்று வெப்பம். ஒவ்வொரு சிப்பிலும் தொழிற்சாலையில் எழுதிய 12 திருத்த எண்கள் பதினாறடியில் 88 என்ற பதிவேட்டிலிருந்து தொடங்கும். அவற்றைச் சூத்திரத்தில் போட்டால்தான் உண்மையான எண் வரும். இந்த 12-இல் வெப்பத்தின் முதல் எண்ணும் அழுத்தத்தின் முதல் எண்ணும் குறியில்லாதவை, மற்றவை குறியுள்ளவை. திருத்த எண்களில் சிறிய பைட் முதலில், அளவீட்டில் பெரிய பைட் முதலில். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சூத்திரத்தை முதலில் சாதாரண சி நிரலாக எழுதிச் சோதியுங்கள். டேட்டாஷீட்டிலேயே தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது: அதில் கொடுத்துள்ள திருத்த எண்களோடு கச்சா வெப்பம் 519888 என்றால் 25.08 டிகிரி, கச்சா அழுத்தம் 415148 என்றால் ஏறக்குறைய 100653 பாஸ்கல். உங்கள் நிரல் அதே விடையைத் தந்த பிறகு கெர்னலுக்குள் கொண்டு போங்கள்.

டிரைவரின் எலும்புக்கூடு

ஐ2சி டிரைவர் என்பது ஒரு பெயர்ப் பட்டியலும் புரோப் என்ற செயற்கூறும்தான். இந்தப் பெயருள்ள சாதனம் இருந்தால் என்னைக் கூப்பிடு என்று பட்டியல் சொல்கிறது. சாதனம் தென்பட்டதும் கெர்னல் புரோப்பைக் கூப்பிடுகிறது. ஐ2சி கம்பியில் சாதனம் தானாக அறிவித்துக்கொள்ளாது. போர்டில் என்னென்ன கருவிகள் உண்டு என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயில் எழுதித்தான் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது அதுகூட வேண்டாம். கெர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் அந்த ஐ2சி கம்பிக்கான "புது சாதனம்" கோப்பில் பெயரையும் முகவரியையும் எழுதினாலே போதும்.

புரோப்பில் வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் சிப்பின் அடையாள எண்ணைப் படியுங்கள். கம்பியில் பதில் இல்லையென்றால் வந்த பிழை எண்ணை அப்படியே திருப்புங்கள். பதில் வந்தும் 58 இல்லையென்றால் சாதனம் இல்லை என்று திருப்புங்கள். அடுத்து திருத்த எண்கள். அவை எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாப் பிட்டும் ஒன்றாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இது வெறும் சடங்கில்லை: அழுத்தத்தின் முதல் திருத்த எண் பூஜ்யமானால் சூத்திரத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். பயனர் நிரலில் அது ஒரு நிரலின் சாவு. கெர்னலில் அது போர்டையே சாய்த்துவிடலாம். களிம்பேறிய ஒரு கம்பி மொத்தக் கருவியையும் வீழ்த்தும் வழி இது.

கெர்னலில் சாதனத்தைப் பதிவு செய்வது எப்போதும் கடைசி வேலை. பதிவான நொடியிலேயே வேறொரு நிரல் வந்து எண் கேட்கலாம், அப்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நினைவகமோ மின் இணைப்போ கேட்டு வாங்கும்போது டெவ்எம் என்று தொடங்கும் செயற்கூறுகளையே பயன்படுத்துங்கள். புரோப் பாதியில் தோற்றாலும் சாதனம் பிடுங்கப்பட்டாலும், வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் கெர்னலே திருப்பிவிடும்.

எண்ணை வெளியே கொடுக்கப் புதிதாகக் கோப்பு வடிவம் கண்டுபிடிக்க வேண்டாம். சென்சார்களுக்கென்றே ஐஐஓ என்ற துணை அமைப்பு கெர்னலில் இருக்கிறது. அதில் வெப்பம் மில்லி டிகிரியிலும் அழுத்தம் கிலோபாஸ்கலிலும் வர வேண்டும் என்பது விதி. 1010 ஹெக்டோபாஸ்கலை எதிர்பார்த்தவருக்கு 101.0 என்று வரும், அது சரிதான். புயல் வருமா, மணி அடிக்கவா என்ற முடிவெல்லாம் டிரைவருக்குள் வரக் கூடாது. அது பயனர் நிரலின் வேலை.

படிக்கும் செயற்கூறு: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒருமுறை படிப்பது என்பது இவ்வளவுதான்: மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை) பூட்டு, ஒருமுறை அளந்து சொல் என்று எஃப்4 பதிவேட்டில் எழுது, காத்திரு, எஃப்7-இலிருந்து ஆறு பைட்டையும் ஒரே மூச்சில் படி, பூட்டைத் திற. ஆறையும் சேர்த்துப் படிப்பது முக்கியம். தனித்தனியாகப் படித்தால் பாதி பழைய அளவும் பாதி புதிய அளவும் கலக்கலாம். மிக நுணுக்கமான அமைப்பில் ஓர் அளவுக்கு 40 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் தூங்குங்கள், சும்மா சுற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். வரம்பில்லாத காத்திருப்பு, களிம்பேறிய கம்பியில் முடியவே முடியாது.

இப்போது கெட்டுப்போகும் வழிகள். ஒன்று, கம்பி அறுந்தது. ஐ2சி பிழை எண் வரும், அதை மறைக்காமல் மேலே அனுப்புங்கள். இரண்டு, தரவுக் கம்பி தரையில் ஒட்டிக்கொண்டது அல்லது பேச்சின் நடுவில் சிப் திகைத்து நின்றது. கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்பு கொடுத்து மீட்பது இதற்கான பழைய வழி. அதைச் செய்ய வேண்டியது ஐ2சி கம்பியை ஆளும் டிரைவர், நீங்கள் நேரம் முடிந்தது என்று சொல்லி ஒதுங்கினால் போதும்.

மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. இன்ஜின் ஸ்டார்ட்டில் வோல்டேஜ் விழுந்து சென்சார் மட்டும் அணைந்து எழுகிறது. முகவரிக்குப் பதில் சொல்கிறது, அடையாளமும் 58 என்கிறது, பிழை எண் எதுவும் இல்லை. ஆனால் அது உறக்க நிலையில் இருக்கிறது, நீங்கள் புரோப்பில் எழுதிய அமைப்பெல்லாம் போய்விட்டது. அந்த நிலையில் கச்சா எண் பதினாறடியில் 80000 என்று வரும், அதாவது அளக்கவே இல்லை என்று பொருள். அதைச் சூத்திரத்தில் போட்டால் பார்க்க நம்பும்படியான ஒரு பொய் எண் வந்து விழலாம். 80000 கண்டால் அமைப்பைத் திரும்ப எழுதி ஒருமுறை மட்டும் முயலுங்கள். மீண்டும் அதுவே வந்தால் பிழை என்று சொல்லிவிடுங்கள்.

தோற்றால் போன தடவை வந்த எண்ணையே கொடுக்கலாமே என்ற ஆசை வரும். கூடவே கூடாது. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரம் நின்றபோது இருந்ததுபோல ஒரு நாளில், திரையில் அசையாமல் நிற்கும் எண்ணைப் பார்த்து அழுத்தம் இறங்கவில்லை என்று ஒருவர் நினைத்துவிடக் கூடாது. எண் இல்லை என்பதும் ஒரு தகவல். (வானிலைத் துறையின் எச்சரிக்கைக்கும் துறைமுகக் கூண்டுக்கும் இந்தக் கருவி மாற்றில்லை என்பதையும் கருவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.)

பிஎம்பி280-க்கு இன்டரப்ட் பின் கிடையாது, ஆகவே இந்த முறை தப்பித்தோம். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் எவ்வளவு வேகத்தில் அடிக்கின்றன என்று அளக்கக் கிண்ணக் காற்றுமானி மாட்டினால் துடிப்புகளை எண்ண இன்டரப்ட் வேண்டும். இன்டரப்டைக் கையாளும் செயற்கூறில் தூங்கக் கூடாது, மியூடெக்ஸ் எடுக்கக் கூடாது, ஐ2சி பேசக் கூடாது. எண்ணை மட்டும் கூட்டிவிட்டு வெளியேறுங்கள். மீதி வேலையைத் தனி இழைக்குத் தள்ளும் வசதி கெர்னலில் இருக்கிறது.

சோதனை

எண் வருகிறது என்று உடனே பெட்டியில் அடைத்துவிடாதீர்கள். ஒரு ஷெல் வளையத்தில் இடைவிடாமல் படிக்கவிட்டு, தரவுக் கம்பியை உருவுங்கள், மாட்டுங்கள். சென்சாரின் மின் கம்பியையும் உருவி மாட்டுங்கள், மேலே சொன்ன மூன்றாவது கோளாறு அப்போதுதான் வெளிவரும். நிரல் படித்துக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை இறக்கிப் பாருங்கள். ஏற்றி இறக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முடிந்தால் கேசன், லாக்டெப் ஆகிய இரண்டையும் இயக்கிய கெர்னலைக் கட்டி அதில் ஓட்டுங்கள். தவறான நினைவகத் தொடலை முதலாவதும், பூட்டுகளின் சிக்கலை இரண்டாவதும் உரக்கச் சொல்லும். மெதுவாக ஓடும், பரவாயில்லை.

அளவு சரியா என்று பார்க்க நம் அட்சரேகையில் ஒரு இலவச வசதி உண்டு. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம், அதிகாலை, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கல் இருக்கும். கடல் ஏற்றம் வற்றம் போலக் காற்றுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான ஒரு நாள் முழுக்கப் பதிந்து வரைபடம் போட்டால் இந்த இரண்டு மேடுகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெட்டியில் காற்றுத் துளை இல்லை, அல்லது கணக்கில் கோளாறு. மாலை 4 மணி இறக்கத்தைப் பார்த்துப் புயல் என்று ஊரைக் கிளப்பாமலிருக்கவும் இது தெரிந்திருப்பது நல்லது. பாம்பன் வானிலை நிலையத்தின் அளவோடும் ஒப்பிடுங்கள். கடல் மட்டத்தருகே 8 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதை நினைவில் வையுங்கள், மொட்டை மாடியில் மாட்டியவருக்கு அது தேவைப்படும். வெப்ப எண்ணைப் பெரிதாக எடுக்காதீர்கள். அது பெட்டிக்குள் உள்ள சூடு.

மாட்டும் வேலை பற்றிக் கொஞ்சம். ஐ2சி ஒரே போர்டுக்குள் பேசுவதற்கென்று வந்தது, கம்பியைச் சாண் கணக்கில் வையுங்கள். பாய்மரக் கம்பத்திலிருந்து படகின் அறை வரை இழுக்க வேண்டுமென்றால் ஆர்எஸ்485-க்கு மாறுங்கள். கனெக்டரைவிடப் பற்றவைப்பு நீடிக்கும். போர்டுக்குக் காப்புப் பூச்சு அடியுங்கள், ஆனால் சென்சாரின் தலையில் உள்ள சின்னத் துளையை முதலில் மூடிவிட்டு. விசைப்படகில் மாட்டுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் வசதி, படகெல்லாம் கரையில் நிற்கும். கரையில் மாட்டுவதென்றால், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கமும் கடல் கடுமையாக இருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு முதல் சோதனைக்கு அமைதியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கெர்னலுக்கே கொடுப்பது

பிஎம்பி280-இல் பழகியபின், கெர்னலில் இல்லாத ஒரு சிப் கையில் கிடைத்தால் அதற்கு எழுதி லினக்ஸுக்கே அனுப்பலாம். முழு டிரைவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏற்கெனவே உள்ள டிரைவரோடு ஒத்துப்போகும் புதுச் சிப்பின் அடையாள எண்ணைப் பட்டியலில் சேர்ப்பது மிக மரியாதையான முதல் பங்களிப்பு. கெர்னலோடு வரும் செக்பேட்ச் நிரல் நடைப் பிழைகளைக் காட்டும்; யாருக்கு அனுப்புவது என்பதைக் கெட்மெயின்டெய்னர் சொல்லும். மாற்றத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஏன் என்ற காரணத்தை எழுதி, உங்கள் பெயரில் கையொப்ப வரி சேர்த்து, கிட் வழியாக வெறும் உரை மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். எந்த போர்டில், எந்தக் கெர்னல் பதிப்பில் சோதித்தீர்கள், கம்பியை உருவியபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பராமரிப்பாளர் குறை சொல்லித் திருப்புவார். ஒவ்வொரு குறைக்கும் அதன் கீழேயே பதில் எழுதி, திருத்தியதை இரண்டாம் பதிப்பு என்று குறித்து, முதலாவதிலிருந்து எது மாறியது என்ற சிறு பட்டியலோடு மீண்டும் அனுப்புங்கள்.